கறுப்புத் துணி போர்த்திய கார்

கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பெண்ணிடம் ஒருவன் ஓர் உதவி கேட்கிறான். எதிர்க் கம்பெனியில் ஒருவர் இருக்கிறார், அவருடன் ஓர் இரவு தங்கி, அவர்கள் கொண்டுவரப்போகும் காரின் விலையை மட்டும் தெரிந்துகொண்டு வந்துவிடு என்கிறான். அவன் கெட்டவன் இல்லை. அவளை நேசிக்கிறான் என்பதிலும் சந்தேகம் இல்லை. கேட்கும்போது அவன் முகத்தில் இருப்பது, மாதக் கடைசிக்குள் முடிக்கவேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறவனின் கவலைதான். அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். படத்தை அங்கேயே நிறுத்தினேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

படத்தின் பெயர் ‘குரோ நோ டெஸுத்தோ கா’. வெளிநாடுகளில் ‘பிளாக் டெஸ்ட் கார்’. 1962இல் டைஎய் ஸ்டுடியோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். இயக்கியவர் யசூசோ மசுமுரா. ஜப்பானியப் படம் என்றாலே குரோசாவா, ஓசு, மிசோகுச்சி என்று மூன்று பெயரோடு நின்றுவிடுகிற நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது. இந்தப் படத்தைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. 2020இல் நல்ல ப்ளூரே பதிப்பு வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் கைக்கு எட்டியது.

ஆளரவமற்ற சாலையில் ஒரு கார் வேகமாக வருகிறது. உடம்பு முழுக்கக் கறுப்புத் துணி. வடிவம் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் போர்த்திய துணி. கார் நிலை தடுமாறிக் கவிழ்ந்து எரிகிறது. டைகர் என்ற கம்பெனி ரகசியமாகச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த பயனியர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் அது. மூடி மூடி வைத்திருந்த விஷயம் வெளியே கசிந்துவிடுகிறது. உள்ளே யாரோ ஒருவர் எதிராளிக்குத் தகவல் கொடுக்கிறார் என்பது தெரிகிறது. எதிராளி, யமாட்டோ என்ற கம்பெனி. அவர்களும் இதே போல ஒரு காரைச் செய்துகொண்டிருக்கிறார்கள், பெயர் மைபெட். யமாட்டோ என்பது ஜப்பானின் பழைய பெயர். 1945 ஏப்ரலில் மூழ்கிய மாபெரும் போர்க்கப்பலின் பெயரும் அதுவே. தற்செயலாக வைத்த பெயராக எனக்குத் தோன்றவில்லை.

அன்றைய ஜப்பானை நினைத்துக்கொண்டால் இந்தப் பதற்றம் புரியும். 1960 கடைசியில் பிரதமர் இகேதா ஹயாத்தோவின் அரசாங்கம், பத்து வருடத்தில் தேச வருமானத்தை இரட்டிப்பாக்குவோம் என்று திட்டம் போட்டிருந்தது. சொந்தக் கார் சாதாரணக் குடும்பத்துக்கு இன்னும் கனவுதான். நாட்டின் முதல் அதிவேக நெடுஞ்சாலையின் முதல் பகுதி திறந்ததே 1963இல். வெளிநாட்டுக் கார்களுக்கு இறக்குமதிக் கதவு 1965 அக்டோபரில்தான் முழுதாகத் திறந்தது. அதாவது ஓட்டுவதற்குச் சரியான ரோடு வருவதற்கு முன்பே ஸ்போர்ட்ஸ் காருக்காக இரண்டு கம்பெனிகள் கழுத்தை நெரித்துக்கொள்கிற கதை இது. கதையை எழுதியவர் கஜியாமா தோஷியுகி, வாரப் பத்திரிகைகளுக்குப் பரபரப்புச் செய்தி தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். நாவலும் 1962இல் வந்து சக்கைப்போடு போட்டது. தொழில் உளவு என்று ஒரு கதை வகையே அதற்குப் பிறகு ஜப்பானில் கிளம்பியது. டைஎய் சும்மா இருக்குமா? ‘கறுப்பு’ என்று தொடங்கும் தலைப்புகளில் 1964க்குள் பதினொரு படங்கள் எடுத்துத் தள்ளியது. கடைசிப் படம், ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதைக்கு நிலம் வாங்குவதில் நடந்த சூதாட்டத்தைப் பற்றியது. அதையும் மசுமுராவே எடுத்தார்.

டைகர் கம்பெனியில் உளவு வேலை பார்ப்பது ஒரு சின்னப் பிரிவு. அதன் தலைவர் ஒனோடா. நடித்தவர் ஹிதேயோ தகமாட்சு. நான்கு வருடம் முன்பு, மசுமுராவின் ‘ராட்சதர்களும் பொம்மைகளும்’ படத்தில் கேரமல் மிட்டாய்க் கம்பெனியின் விளம்பர அதிகாரியாக வந்தவர். அதில் இருமலோடு ரத்தம் வருகிறவரைக்கும் மிட்டாய் விற்றார். இதில் அவர் உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. அழிகிறது மற்றவர்கள்தான். இரண்டு படத்தையும் அடுத்தடுத்து பார்த்தால், ஒரே மனிதன் வேலை மாறி வந்து, போன கம்பெனியில் கற்றதை இங்கே பிழையில்லாமல் செய்கிறான் என்று தோன்றும்.

ஒனோடாவுக்குப் பதவி ஆசை இருக்கிறது. வெறும் பதவி ஆசையாக இருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. பேராசைக்காரனை நமக்குப் புரியும். அவனுக்கு ஒரு விலை இருக்கும், அதைக் கொடுத்தால் போய்விடுவான். ஒனோடா அப்படி இல்லை. கம்பெனி தோற்பதை அவரால் தாங்க முடியாது. ஜப்பானில் வேலை பார்ப்பவர் வெளியாரிடம் தன் கம்பெனியைச் சொல்லும்போது ‘உச்சி’ என்பார். தமிழ் உச்சியோடு இதற்குத் தொடர்பில்லை. உள்ளே என்று பொருள், நம் வீடு என்றும் பொருள். நம் வீட்டுக்கு ஒன்று என்றால் சும்மா இருப்போமா என்கிற அதே கொதிப்பு, ஒரு கார் கம்பெனிக்காக.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு. செஞ்சோற்றுக்கடன். கர்ணனைச் சொல்லும்போது நாம் கண் கலங்கச் சொல்லும் சொல். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லின் மேல் எனக்கிருந்த பிரியம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. கர்ணன் தன் கடனைத் தன் உயிரைக் கொடுத்து அடைத்தான். ஒனோடா பட்ட கடனுக்கு அவர் கீழே வேலை பார்க்கும் அசாஹினா போகிறான். அசாஹினா பட்ட கடனுக்கு, அவன் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற மசாக்கோ போகிறாள். அவள் டைகர் கம்பெனியின் சோற்றை ஒரு வாய்கூடத் தின்றவள் இல்லை.

அசாஹினாவாக ஜிரோ தமியா. உயரம், வடிவான முகம், இஸ்திரி கலையாத கோட். ஒனோடாவுக்கு வலது கை. இந்தக் கார் வெற்றி பெற்றால் பதவி உயர்வு, அப்புறம் கல்யாணம். மசாக்கோவாக ஜுன்கோ கானோ. மது விடுதியில் வேலை பார்க்கிறவள். அவள் அந்தக் கேள்விக்கு முதலில் கொதித்துப் போகிறாள். பிறகு போகிறாள். விலையோடு திரும்பி வருகிறாள். அவள் கொண்டுவந்த எண்ணைப் பார்த்து டைகர் தன் விலையை வைக்கிறது. அங்கே ஆபீஸில் அது ஒரு நல்ல செய்தி. எல்லோர் முகத்திலும் வெளிச்சம். மசுமுரா இரண்டையும் ஒட்டிவைத்துக் காட்டிவிட்டுக் கருத்து எதுவும் சொல்லாமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்.

யமாட்டோவின் உளவுத் தலைவர் மவதாரி. நடித்தவர் இச்சிரோ சுகாய். மவதாரி முன்பு குவான்துங் ராணுவத்தில், அதாவது மஞ்சூரியாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியப் படையில், உளவு வேலை பார்த்தவர். போர் முடிந்தது, படை கலைந்தது, அந்த மூளைக்குக் கார் கம்பெனியில் வேலை கிடைத்தது. படம் இந்தத் தகவலைப் போகிற போக்கில்தான் சொல்கிறது. ஆனால் அதைக் கேட்ட பிறகு எதையும் பழையபடி பார்க்க முடிவதில்லை. கீழ்ப்படிதல், ரகசியம், துரோகியைத் தேடுதல், பெண்ணைக் கருவியாக அனுப்புதல் எல்லாம் முதலிலேயே பழகி வைத்தவை. சீருடை மட்டும் மாறியிருக்கிறது. மசுமுரா இதைச் சாதாரணமாக விடவில்லை. 1966இல் ‘நகானோ உளவுப் பள்ளி’ என்று ஒரு படம் எடுத்தார். உண்மையில் இருந்த ராணுவ உளவுப் பள்ளி அது. அதில் வரும் இளைஞன், தன்னைத் தேடி அலையும் காதலியையே கடமைக்காகக் கொல்கிறான். 1962இல் கம்பெனியைக் காட்டிவிட்டு, நான்கு வருடம் கழித்து அது எங்கிருந்து வந்தது என்று காட்ட அவர் பின்னோக்கிப் போனதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

மசுமுரா படித்தது டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சட்டம். 1947இல் டைஎய்யில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். பிறகு ரோமுக்குப் போய் அங்கிருந்த திரைப்படப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, மிசோகுச்சியிடம் வேலை பார்த்தார். 1957இல் முதல் படம். மறு வருடமே ஒரு கட்டுரையில், ஜப்பானியப் படங்களில் எல்லோரும் போற்றுகிற மென்மையான உணர்ச்சியும் சூழலின் அழகும் தனக்கு வேண்டாம் என்று எழுதினார். மனிதர்கள் தங்கள் ஆசையை மறைக்காமல், தயங்காமல் வெளியே கொட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் இவர் படத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு யாரும் மௌனமாக உட்கார்ந்திருப்பதில்லை. எல்லோரும் வேகமாகப் பேசுகிறார்கள், வேகமாக நடக்கிறார்கள்.

அகலத் திரையை அவர் பயன்படுத்தும் விதத்தைச் சொல்லாவிட்டால் இந்தப் படத்தைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது. அகலமாக இருந்தால் வெளியைக் காட்டலாம், வானம் காட்டலாம் என்று நினைப்போம். இவர் அதை ஆட்களால் அடைத்துவிடுகிறார். முன்னால் ஒருவரின் முதுகோ தோளோ திரையில் பாதியை மறைக்கும். பின்னால் சின்ன இடுக்கில் பேசுகிறவரின் முகம். ஆபீஸ் அறை, கார், மது விடுதி எங்கேயும் ஒரு மனிதன் கையை நீட்டி நிற்க இடம் கிடையாது. யாரோ ஒருவர் எப்போதும் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது நமக்கும் மூச்சு முட்டுகிறது. கத்தி, ரத்தம், இருட்டு வீடு எதுவும் இல்லாமல் இது ஒரு மனப் பயங்கரப் படமாக மாறுவது இந்த நெருக்கத்தால்தான்.

ஒரு காட்சியை மட்டும் நான் பல தடவை பார்த்திருக்கிறேன். யமாட்டோவின் இயக்குநர்கள் கூட்டம் நடக்கிறது. டைகர் ஆட்கள் எதிர்க் கட்டடத்திலிருந்து சின்ன மூவி கேமராவில் ஜன்னல் வழியாக அதைப் படம் பிடிக்கிறார்கள். சத்தம் கிடையாது. பிறகு உதட்டசைவைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து, இருட்டறையில் அந்த ஊமைப் படத்தை ஓட்டுகிறார்கள். திரையில் யாரோ வாயசைக்கிறார்கள், இங்கே இவர் சொல்லச் சொல்ல எல்லோரும் கேட்கிறார்கள். யாராவது கேமரா பக்கம் முதுகைத் திருப்பினால் அந்த வாக்கியம் போச்சு. அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் அந்த உதடுகளையே பார்க்கிறார்கள். காதலியின் முகத்தைக்கூட அவர்கள் அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். வேலைப் பித்து என்பதை இதைவிடச் சரியாக யாரும் படமாக்கி நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் குற்றமாயிற்றே என்று கேட்கலாம். ரகசியத் தாளைத் திருடினால் அது திருட்டு. தாளில் இருந்த எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு போனால் அதற்கென்று அன்றைய ஜப்பானில் தனிச் சட்டம் கிடையாது. வணிக ரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1990இல், முறையற்ற போட்டியைத் தடுக்கும் சட்டத்தைத் திருத்தியபோது. குற்றவியல் தண்டனை அதற்கும் பிறகு, 2003 திருத்தத்தில்.

சரி, அந்த முகம் எனக்குப் பழக்கமானது என்று சொன்னேன் இல்லையா, அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 26 வயது. வண்டிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். அறையில் என்னோடு தங்கியிருந்தவன் அதே தொழிலில் இன்னொரு கம்பெனி. அந்த வருடம் பெரிய ஆர்டர் ஒன்றுக்கு இரண்டு கம்பெனியும் கொட்டேஷன் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் மேலாளர் ஒரு நாள் சாயங்காலம் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “ஏம்ப்பா, உன் ரூம்மேட் அங்கதானே இருக்கான்?” என்று மட்டும் கேட்டார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வேறு எதுவும் கேட்கவில்லை. “பாத்துக்கிறேன் சார்” என்றேன். அப்படிச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

அன்றைக்கு ராத்திரி அவனை வெளியே சாப்பிடக் கூட்டிப்போனேன். பில்லை நானே கொடுத்தேன். திரும்பி நடந்து வரும்போது, பேச்சோடு பேச்சாக, ஒரு பீஸுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்கடா என்று கேட்டேன். சொன்னான். மறுநாள் காலையில் நான் பஸ் ஏறியபோது மனசில் இருந்தது சந்தோஷம்தான். பயம் இல்லை, வெட்கம் இல்லை. நம்ம கம்பெனிக்கு ஒன்று செய்துவிட்டோம் என்கிற சுத்தமான சந்தோஷம். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை.

ஆர்டர் எங்களுக்கு வந்தது. எனக்குச் சம்பள உயர்வு வந்தது. அர்ப்பணிப்பு உள்ளவர் என்று ஆண்டு அறிக்கையில் என்னைப் பற்றி எழுதினார்கள். அவன் கம்பெனியில் விலை தெரிந்தவர்கள் நான்கு பேர். ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தார்கள். நிரூபிக்க எதுவும் இல்லை. இரண்டு மாதம் யாரும் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவனே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான். போகும்போது பெட்டியை பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

படத்தில் துரோகி யார் என்று கண்டுபிடிக்கிற காட்சி கடைசிப் பகுதியில் வருகிறது. ஹிராகி என்ற அதிகாரி. நடித்தவர் எய்ஜி ஃபுனகோஷி. 1959இல் வந்த, இயக்குநர் இச்சிகாவாவின் போர்ப் படத்தில், பசியில் எலும்பும் தோலுமாகக் காட்டில் அலையும் சிப்பாயாக நடித்தவர். ஹிராகியை உட்காரவைத்து, சுற்றிலும் சொந்தக் கம்பெனிக்காரர்களே நின்று, உண்மையைச் சொல் என்று நெருக்குகிறார்கள். நேற்றுவரை ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். இன்று நீதிபதி, போலீஸ், வக்கீல் எல்லாம் அவர்களே. அது முடியும்போது ஹிராகி உயிரோடு இல்லை. ஒனோடாவின் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அவர் மனசு ஏற்கனவே அடுத்த வேலைக்குப் போய்விட்டது. அசாஹினாவுக்குத்தான் அங்கே ஏதோ உடைகிறது. அவன் கம்பெனியை விட்டு வெளியேறுகிறான், மசாக்கோவைத் தேடிப் போகிறான். பலர் இந்த முடிவை அவசர முடிவு என்று நினைக்கக்கூடும். ஒன்றரை மணி நேரம் நெரிசலிலேயே வைத்திருந்துவிட்டு இரண்டு பேரையாவது வெளியே விட வேண்டும் என்று மசுமுரா நினைத்திருக்கிறார். எனக்கு அதில் குறை தெரியவில்லை. வெளியே விட்டாலும் அவள் மறந்துவிட்டதாக எங்கும் காட்டவில்லை.

ஜிரோ தமியாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படத்துக்கு ஒரு வருடம் முன்பு, 1961இல் வந்த ‘அகுமியோ’ படம்தான் அவரைப் பிரபலமாக்கியது. 1966இல் ‘வெள்ளைக் கோபுரம்’ படத்தில், பதவிக்காக எதையும் செய்யும் அறுவை மருத்துவராக நடித்துப் பெரும் புகழ் பெற்றார். 1968இல் ஒரு படத்தின் விளம்பரத்தில் தன் பெயர் வரும் வரிசை பற்றி எதிர்த்துப் பேசினார். டைஎய் முதலாளி மசாய்ச்சி நாகாதா அவரை வெளியே அனுப்பினார். பெரிய ஸ்டுடியோக்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தன: ஒருவர் துரத்திய நடிகரை மற்றவர் எடுக்கக் கூடாது. நட்சத்திரமாக இருந்தும் படம் இல்லாமல் போனது. தொலைக்காட்சிக்குப் போய் வினாடி வினா நிகழ்ச்சி நடத்தினார். அவரைத் துரத்திய டைஎய் 1971இல் திவாலானது. 1978இல் அதே மருத்துவர் பாத்திரத்தைத் தொலைக்காட்சித் தொடராக நடித்து முடித்தார். கடைசிப் பகுதிகள் ஒளிபரப்பாவதற்கு முன், அந்த டிசம்பரில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 43. அந்த முடிவுக்குக் கம்பெனியைக் காரணமாகக் காட்டுவது நியாயமில்லை, நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் இதெல்லாம் தெரிந்த பிறகு, அசாஹினா கம்பெனிப் படிகளில் இறங்கி வெளியே போவதை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

போன மாதம் படத்தை மூன்றாவது முறை பார்த்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்னோடு அறையில் தங்கியிருந்த அந்த நண்பனுக்கு போன் செய்தேன். நாங்கள் பேசிக்கொள்வது உண்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும். இப்போது ஊரில் டிராக்டர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறான். குழந்தைகள், மழை, கடை என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அந்த ராத்திரி நான் எதற்காகக் கேட்டேன் என்பதைச் சொன்னேன். மேலாளர் வந்து நின்றது, மறுநாள் நான் போய்ச் சொன்னது, எல்லாம். நடுவில் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடையில் யாரோ போல்ட் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தான், சில்லறை எண்ணும் சத்தம் கேட்டது.

“எனக்கு அப்பவே தெரியும்டா” என்றான்.

தெரிந்தும் ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

“நீ கேட்டியேன்னுதான் சொன்னேன்.”